பார்டர் கோலியில் எந்த நிறம்? குட்டி எடுக்கும் முன் ஓர் ஒப்பீடு

ஒரே ஈற்றில் ஏழு குட்டிகள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கருப்பு வெள்ளை. அவற்றுள் ஒன்றுக்குத் தலை முழுவதும் வெள்ளை. இரண்டு சாக்லேட். ஒன்று கருப்பு வெள்ளையோடு புருவத்தின் மேல் பழுப்புப் பொட்டு வைத்தது. ஏழாவது குட்டி சாம்பல் உடம்பில் மை தெளித்தாற்போல் கருந்திட்டுகளும், ஒரு கண் நீலமும் ஒரு கண் பழுப்புமாக மூலையில் உட்கார்ந்திருக்கிறது. பார்டர் கோலி என்னும் மேய்ப்பு நாய் வாங்க வந்தவரின் கை முதலில் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நானும் அந்த ஏழாவதைத்தான் முதலில் தூக்கியிருப்பேன். வளர்ப்பாளருக்கும் அது தெரியும். விலையை அங்கேதான் ஏற்றி வைத்திருப்பார்.

இந்த இனத்தின் நிறங்களை ஒப்பிட உட்கார்ந்தால் பட்டியல் முடியவே முடியாது. கருப்பு, சாக்லேட், நீலம், லைலாக், சிவப்பு, சேபிள், மெர்ல் (அந்த ஏழாவது குட்டியின் திட்டு நிறம்), மூவண்ணம், வரி என்று நீளும். ஒவ்வொன்றுக்கும் பெருமை பேசுகிறவர்களும் உண்டு, பயமுறுத்துகிறவர்களும் உண்டு. எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குட்டியின் உடம்பில் என்ன நிறம் இருக்கிறது என்று கேட்பதைவிட, எங்கே நிறம் இல்லாமல் போயிருக்கிறது என்று கேட்பது பத்து மடங்கு பயன் தரும். கருப்பா சாக்லேட்டா என்பது நம் கண்ணுக்கான கேள்வி. தலையில் எவ்வளவு வெள்ளை, பெற்றோர் இருவரும் மெர்லா என்பவை நாயின் காதுக்கும் கண்ணுக்குமான கேள்விகள்.

இது நிறத்துக்காக வளர்க்கப்பட்ட இனமும் அல்ல. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையிலுள்ள எல்லை மலைகளில் ஆடு மேய்த்தவர்கள் மந்தையைத் திருப்பத் தெரிந்த கடுவனை, மந்தையைத் திருப்பத் தெரிந்த பெட்டையோடு சேர்த்தார்கள். பிறக்கிற குட்டி என்ன நிறத்தில் வந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. 1873இல் வேல்ஸ் நாட்டின் பாலா என்ற ஊரில் மேய்ப்பு நாய்களுக்கு நடந்த போட்டியில் வென்ற ட்வீட், கருப்பும் பழுப்புமான சிறிய நாய். வெள்ளை அதன் முன்னங்காலில் மட்டும். இன்றைய பார்டர் கோலிகளுக்கெல்லாம் மூதாதை என்று சொல்லப்படும் ஓல்ட் ஹெம்ப், 1893 செப்டம்பரில் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபரிடம் பிறந்தது. அது மூவண்ண நாய். 1906இல் தொடங்கிய சர்வதேச மேய்ப்பு நாய்ச் சங்கம் நிறத்தை ஏட்டில் எழுதிக்கொள்ளுமே தவிர, நிறத்தைக் காரணம் காட்டி எந்த நாயையும் தள்ளுவதில்லை. பெற்றோர் பதிவு இல்லாத நாய்கூட வேலையில் தேறினால், தகுதியின் பேரில் அந்த ஏட்டில் ஏற முடியும்.

கண்காட்சிக்காரர்கள் பிற்பாடுதான் வந்தார்கள். பிரிட்டனின் கென்னல் கிளப் 1976இலும், அமெரிக்கன் கென்னல் கிளப் 1995இலும் இந்த இனத்தை அங்கீகரித்தன. அவர்களும் நிற விஷயத்தில் தாராளமாகவே இருந்தார்கள். பிரிட்டன் கிளப் வகுத்த இன இலக்கணம் நிறத்தைப் பற்றிச் சொல்வது இவ்வளவுதான்: பல நிறங்கள் ஏற்கத்தக்கவை, வெள்ளை மேலோங்கக் கூடாது. அமெரிக்க இலக்கணமோ ஒரு நிறத்தை இன்னொன்றுக்கு மேலாகக் கருதக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்லி, உடம்பிலும் தலையிலும் வெள்ளைத் திட்டுகள் மேலோங்கக் கூடாது என்று முடிக்கிறது. இத்தனை நிறங்களில் எதற்கும் தடை போடாதவர்கள் வெள்ளையின் அளவுக்கு மட்டும் வரம்பு கட்டியிருக்கிறார்கள்.

கருப்பு வெள்ளையும் மூவண்ணமும்

கருப்பு வெள்ளையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நெற்றியில் கீற்று, கழுத்தில் வளையம், மார்பு, நான்கு கால், வால் நுனி ஆகிய இடங்களில் வெள்ளை, மீதியெல்லாம் கருப்பு. பார்டர் கோலி என்றதும் எவருக்கும் மனக்கண்ணில் வருவது இந்த நாய்தான். எளிதாகக் கிடைக்கும். நிறத்துக்காகத் தனி விலை கேட்க மாட்டார்கள். வெயிலில் ஓடினால் கருப்பு ரோமத்தின் நுனி செம்பட்டை தட்டும், அது நோயல்ல. உடையில் முடி ஒட்டுவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: கருப்புச் சட்டைக்கு வெள்ளை முடியும், வெள்ளைச் சட்டைக்குக் கருப்பு முடியும் என்று இந்த நாய் இரண்டுக்கும் ஏற்பாடு செய்து வைத்திருக்கும்.

மூவண்ணம் இதே நாய்தான். புருவம், கன்னம், கால்களின் ஓரம், வாலின் அடி ஆகிய இடங்களில் பழுப்பு சேர்ந்திருக்கும், அவ்வளவே வித்தியாசம். பெற்றோர் இருவரும் கருப்பு வெள்ளையாக இருக்க, பழுப்புப் பொட்டோடு குட்டி பிறந்தால் சிலர் சந்தேகப்படுகிறார்கள். சந்தேகத்துக்கு இடமில்லை. உடம்பு முழுவதையும் கருப்பால் மூடுகிற ஓங்கு மரபணு ஒன்று இந்த இனத்தில் பரவலாக இருக்கிறது. பெற்றோர் இருவரிடமும் அது ஒற்றைப் பிரதியாக இருந்து, குட்டிக்கு இருவரிடமிருந்தும் அது வராமல் போனால், அடியில் மறைந்திருந்த பழுப்பு வெளியே தெரியும். மூவண்ணத்துக்குக் கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த குட்டியைப் பாருங்கள்.

சாக்லேட்டும் சிவப்பும்

இங்கேதான் பெயர்க் குழப்பம் தொடங்குகிறது. பார்டர் கோலிக்காரர்கள் "சிவப்பு" என்று இரண்டு வெவ்வேறு நாய்களைச் சொல்கிறார்கள்.

முதலாவது சாக்லேட். கருப்பு நிறமியைப் பழுப்பாக மாற்றுகிற ஒடுங்கு மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் இந்த நிறம் கிடைக்கும். மூக்கு, கண் விளிம்பு, பாதத் திண்டு என எங்கெல்லாம் கருப்பு இருந்திருக்குமோ அங்கெல்லாம் ஈரல் நிறப் பழுப்பு இருக்கும். கண்ணும் தேன் நிறமாக வெளிறியிருக்கும். சில மேய்ப்பர்களுக்கு இந்த வெளிர் கண் பிடிக்காது. ஆட்டை முறைத்துப் பார்த்து நிறுத்துகிற நாய்க்கு அந்தக் கண் பொருந்தாது என்பார்கள், வேறு சிலர் அதுதான் பொருந்தும் என்பார்கள். இந்த முரண்பட்ட தீர்ப்புகளைக் கேட்டு நான் எந்த முடிவுக்கும் வரவில்லை.

இரண்டாவதை ஆஸ்திரேலியச் சிவப்பு என்றும் கோல்டு என்றும் சொல்வார்கள். மாட்டில் செவலை என்போமே, ஏறக்குறைய அந்தச் சாயலில் வைக்கோல் மஞ்சளிலிருந்து செம்பொன் வரை இருக்கும். இதில் நடந்திருப்பது வேறு. ரோமத்தில் கருநிறமியே உருவாகாமல் ஒரு மரபணு தடுத்துவிடுகிறது. ஆனால் தோலில் தடுக்காது. அதனால் மூக்கு கருப்பாக இருக்கும், உடம்பில் தேடினாலும் ஒரு கருமுடி கிடைக்காது, மீசை முடிகூட வெளிறியே இருக்கும். எது எது என்று சந்தேகம் வந்தால் மூக்கைப் பாருங்கள். பழுப்பு மூக்கு சாக்லேட், கருப்பு மூக்கு கோல்டு. இரண்டு மரபணுச் சேர்க்கையும் ஒன்றாகக் கொண்ட நாய்களும் உண்டு என்பதால் இதை நூறு சதவீத விதியாக எடுக்க வேண்டாம், ஆனால் பெரும்பாலும் பொய்க்காது.

வீட்டில் வளர்க்க மட்டும் எடுக்கிறவருக்கு இவ்விரண்டும் ஒன்றுதான். ரோமத்தின் தரத்திலோ ஆரோக்கியத்திலோ சாக்லேட் என்பதால் குறையோ நிறையோ இல்லை. குட்டி போட வைக்கும் எண்ணம் இருப்பவருக்கு மட்டும் கோல்டு நாயில் ஒரு பொறி இருக்கிறது. மெர்லுக்கு வரும்போது அதைச் சொல்கிறேன்.

நீலம் என்று இரண்டு உண்டு

"நீலக் குட்டி இருக்கிறது" என்று யாராவது சொன்னால் எந்த நீலம் என்று கேளுங்கள். புகைபோலச் சீராக, திட்டே இல்லாமல், மயிலை மாட்டின் நிறத்தில் இருப்பது ஒன்று. சாம்பல் உடம்பில் கருந்திட்டுகள் இருப்பது இன்னொன்று, அது நீல மெர்ல். பெயரில் நீலம் இருந்தாலும் இரண்டுக்கும் மரபணு அளவில் தொடர்பில்லை. நீல மெர்ல் அடிப்படையில் கருப்பு நாய், அதன் மேல் மெர்ல் வேலை செய்திருக்கிறது. சீரான நீலம் என்பது கருப்பு நிறமி முடிக்குள் சமமாகப் பரவாமல் கட்டிகட்டியாகத் திரண்டு வெளிறித் தெரிவது. இதே மாற்றம் சாக்லேட் நாயில் நடந்தால் லைலாக் என்பார்கள். மூக்கும் வெளிறி, கிட்டத்தட்ட மங்கிய ஊதா கலந்த பழுப்பாக இருக்கும்.

சீரான நீலத்திலும் லைலாக்கிலும் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. நிறமி இப்படித் திரண்டுகொள்வதால் சில நாய்களில் முடியின் வேர் பலவீனமாகி, வெளிறிய இடங்களில் மட்டும் ரோமம் மெலிந்து உதிரும். குட்டியாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தலைகாட்டும். குணப்படுத்த முடியாது, தோலைப் பராமரித்துக்கொண்டு போகலாம். எல்லா நீல நாய்க்கும் இது வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே நீலக் குட்டி பார்க்கப் போனால் குட்டியை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். அதே வழியில் வந்த, நான்கைந்து வயதான நீல நாய் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். முதுகில் ரோமம் அடர்த்தியாக இருந்தால் ஓரளவு நிம்மதி. காட்டுவதற்கு அப்படி ஒரு நாயே இல்லையென்றால், "அரிய நிறம்" என்று கேட்கப்படும் கூடுதல் பணத்தை எதற்காகக் கொடுக்கிறோம் என்று யோசிக்க வேண்டும். இந்த மரபணு ஒடுங்கு பண்பு. இரண்டு பக்கமும் கைவசம் இருந்தால் ஒரே ஈற்றில் நாலில் ஒரு பங்கு பிறக்கக்கூடிய நிறத்தை அரியது என்று விற்பது வியாபாரத் திறமை, வேறொன்றுமில்லை.

மெர்ல்: ஒன்று அழகு, இரண்டு ஆபத்து

ஏழாவது குட்டிக்கு வருவோம். மெர்லுக்குக் காரணம் என்ன என்பது 2006இல் தெரிந்தது. நிறமி தயாரிப்பில் பங்குள்ள பிமெல் என்ற மரபணுவுக்குள் ஒரு சிறு டி.என்.ஏ துண்டு வந்து செருகிக்கொண்டிருக்கிறது. அது கருநிறமியை அங்கங்கே வெளுக்கச் செய்கிறது, அங்கங்கே விட்டுவிடுகிறது. எங்கே வெளுக்கும், எங்கே விடும் என்பதற்கு ஒழுங்கில்லை, அதனால்தான் ஒரு மெர்லைப்போல் இன்னொரு மெர்ல் இருப்பதில்லை. மூவண்ண மெர்லில் பழுப்புப் பொட்டுகள் மட்டும் பளிச்சென்று அப்படியே நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். கருநிறமியைத் தொடும் இந்த மரபணு, செந்நிறமியைக் கிட்டத்தட்ட தொடுவதே இல்லை.

மெர்ல் ஓங்கு பண்பு. ஒரு பிரதி போதும். மெர்ல் நாயைச் சாதாரண நாயோடு சேர்த்தால் சராசரியாகப் பாதிக் குட்டிகள் மெர்ல், பாதி சாதாரணம். ஆனால் இரண்டு மெர்லைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு இரண்டு பிரதியும் போய்ச் சேரும். அந்தக் குட்டிகளின் உடம்பில் பெரும்பகுதி வெளுத்துப் போகும். கண் சிறுத்துப் பிறப்பது, கண்மணி சிதைந்திருப்பது, காது கேளாமை ஆகியவை அவற்றைத் தேடி வருகின்றன.

எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில் பல இனங்களைச் சேர்ந்த 153 மெர்ல் நாய்களின் செவியைச் சோதித்தார்கள். ஒரு பிரதி மட்டும் கொண்ட நாய்களில் ஒரு காது கேளாதவை 2.7 சதவீதம், இரு காதும் கேளாதவை 0.9 சதவீதம். இரண்டு பிரதி கொண்டவற்றிலோ ஒரு காது கேளாதவை 10 சதவீதம், இரு காதும் கேளாதவை 15 சதவீதம். அதாவது இரட்டை மெர்லில் நாலில் ஒன்றுக்குக் காதில் குறை. ஒற்றை மெர்லில் அது நூற்றுக்கு நான்கைக்கூடத் தொடவில்லை. டால்மேஷியன் இனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நாய்களுக்கு ஒரு காதாவது கேட்பதில்லை. அந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால், ஒற்றை மெர்லைக் கண்டு அலறுகிறவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே மெர்ல் குட்டி எடுக்கலாமா என்று கேட்டால் எடுக்கலாம் என்பேன். ஒரே ஒரு நிபந்தனை: தாய், தந்தை இருவரையும் கண்ணால் பார்க்க வேண்டும், ஒருவர் மட்டுமே மெர்லாக இருக்க வேண்டும். தந்தையைக் காட்டாமல் படம் மட்டும் அனுப்பினால் அந்தக் கூடையை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

கண்ணால் பார்த்தாலும் ஏமாறக்கூடிய இடம் உண்டு. அதுதான் முன்னே சொன்ன பொறி. கோல்டு நாயின் ரோமத்தில் கருநிறமியே இல்லை, மெர்லுக்கு வெளுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆகவே மரபணுவில் மெர்லாக இருக்கும் கோல்டு நாய், பார்வைக்குச் சாதாரண கோல்டு நாய். அதைத் தெரியாமல் ஒரு நீல மெர்லோடு சேர்த்தால் இரட்டை மெர்ல் குட்டிகள் பிறக்கும். சேபிளிலும், அதாவது பொன்னிற முடியின் நுனி மட்டும் கருத்திருக்கும் நாயிலும், இதே சிக்கல் ஓரளவு உண்டு, குட்டியில் தெரிந்த திட்டு வளர்ந்தபின் மங்கிவிடும். வால் நுனியிலோ காதோரத்திலோ விரல் நகம் அளவு சாம்பல் மட்டும் காட்டிவிட்டு மற்றபடி கருப்பாகவே இருக்கிற மறைவு மெர்ல்களும் இருக்கின்றன. குட்டி போட வைக்கும் எண்ணம் இருந்தால் கண்ணை நம்பாமல் டி.என்.ஏ சோதனைச் சீட்டைக் கேளுங்கள். வெறுமனே வளர்க்கப் போகிறவருக்கு இந்தக் கவலை இல்லை.

வெள்ளை

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்கள் இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். ரோமத்தில் வெள்ளை என்று ஒரு நிறமி கிடையாது. வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் நிறமிச் செல்கள் வந்து சேரவில்லை என்றே பொருள். கரு வளரும்போது இந்தச் செல்கள் முதுகெலும்புப் பக்கமிருந்து புறப்பட்டு உடம்பெங்கும் பரவுகின்றன. தொலைவில் இருக்கும் முனைகளை, அதாவது பாதம், மார்பு, வால் நுனி, முகத்தின் நடுக்கோடு ஆகியவற்றை எட்டுவதற்குள் சிலவற்றின் பயணம் முடிந்துவிடுகிறது. பார்டர் கோலியின் கீற்றும் வளையமும் இப்படி உண்டானவைதான்.

காதுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? உட்செவியில் ஒலியை உணரும் நத்தைச்சுருளின் சுவரிலும் நிறமிச் செல்கள் இருக்கின்றன. அங்கே அவற்றின் வேலை வண்ணம் பூசுவதல்ல, செவித் திரவத்தின் உப்புச் சமநிலையைக் காப்பது. அவை அங்கே போய்ச் சேரவில்லையென்றால் அந்தச் சுவர் சுருங்கி, ஒலி உணரும் செல்கள் மடிகின்றன. குட்டி பிறந்து மூன்று, நான்கு வாரத்துக்குள் இது நடந்து முடிகிறது. திரும்பி வராது.

2006இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று 2,597 பார்டர் கோலிகளைச் சோதித்தது. 2.3 சதவீதத்துக்கு ஒரு காதும், 0.5 சதவீதத்துக்கு இரு காதும் கேட்கவில்லை. குறையுள்ள நாய்களில் மூன்று அடையாளங்கள் கூடுதலாகத் தென்பட்டன: மெர்ல் ரோமம், தலையில் மிகுதியான வெள்ளை, நீலக் கண். மூன்றிலும் பொதுவாக இருப்பது நிறமி இல்லாமை. அதோடு "உடம்பில் வெள்ளை" என்று சொல்லாமல் "தலையில் வெள்ளை" என்று சொன்னதைக் கவனியுங்கள். முதுகில் பெரிய வெள்ளை மறை கிடந்து, தலையும் காதுகளும் கருப்பாக இருக்கிற குட்டியைப் பார்த்து நான் பயப்பட மாட்டேன். உடம்பு கருப்பாகவும் தலை முழு வெள்ளையாகவும் இருக்கிற குட்டிக்குத்தான் செவிச் சோதனை கேட்பேன். கண்காட்சிக்காரர் இதையே தலைகீழாகச் சொல்வார். அவருக்கு முதுகு மறைதான் தொல்லை.

செவிச் சோதனைக்கு பேயர் (BAER) என்று பெயர். தலையில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, ஒவ்வொரு காதிலும் தனித்தனியாகச் சொடுக்கொலி கொடுத்து, மூளையின் பதிலைப் பதிவு செய்வார்கள். குட்டி ஐந்து வாரத்தைக் கடந்தபின் செய்யலாம். கைதட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. காது கேளாத குட்டி கூடப்பிறந்தவை எழும்போது தானும் எழும், அவை ஓடும்போது தானும் ஓடும். தனியாக எடுத்து வந்தபின்தான் குட்டு வெளிப்படும். ஒரு காது மட்டும் கேளாத குட்டியைக் கைதட்டிக் கண்டுபிடிக்கவே முடியாது.

வீட்டு நாய்க்கு ஒரு காது போதும், பலர் தம் நாய்க்கு அந்தக் குறை இருப்பதே தெரியாமல் அதன் ஆயுள் முழுவதும் வளர்த்திருப்பார்கள். இரு காதும் கேளாத நாயைக்கூடக் கைச்சைகையால் பழக்கலாம், திறந்தவெளியில் கயிற்றை விடக் கூடாது என்பது மட்டும் நிரந்தர நிபந்தனை. மேய்ப்பு வேலை அப்படியல்ல. நாய் அரைக் கிலோமீட்டருக்கு அப்பால், மேய்ப்பனுக்கு முதுகு காட்டி நிற்கும். இடஞ்சுற்று, வலஞ்சுற்று, நில், மெல்ல வா என்று எல்லாமே சீழ்க்கையில் போகும். ஒரு காது நாய்க்குச் சீழ்க்கை கேட்கும், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது தெரியாது.

வெள்ளை நாயை ஆடுகள் மதிக்காது என்று மேய்ப்பர்களிடையே ஒரு பழைய பேச்சும் உண்டு. நாய் தம்மைப்போல் வெளுத்திருப்பதால் ஆடுகள் பயப்படாமல் திரும்பி நின்று எதிர்க்கும் என்பார்கள். வெள்ளை மிகுந்த நல்ல வேலைக்கார நாய்களும் இருந்திருக்கின்றன. ஆட்டை நகர்த்துவது நாயின் பார்வையும் நடையும் என்பதுதான் என் கட்சி. ஆனால் இந்தப் பேச்சின் இன்னொரு பாதியில் நியாயம் இருக்கிறது. பனி மூடிய மலையில் வெள்ளை நாயும், பாறைச் சரிவில் மெர்லும், அந்தி சாய்ந்தபின் முழுக் கருப்பும் மேய்ப்பனின் கண்ணுக்கே தப்பிவிடும். கருப்பு உடம்பில் வெள்ளை வளையமும் வால் நுனியும் இருந்தால் எந்த வெளிச்சத்திலும் ஏதாவது ஒன்று தெரியும்.

நீலக் கண்ணைப் பற்றி இரண்டு வரி. மெர்லிலும் வெள்ளை முகத்திலும் கருவிழிக்கு நிறமி போய்ச் சேராததால் அது வருகிறது. நீலக் கண்ணுக்குப் பார்வை குறைவு என்பது பொய். குட்டிக்கு ஆறு வாரம் ஆகும்வரை எல்லாக் கண்ணும் நீலமாகத்தான் தெரியும் என்பதால் அதற்கு முன் கண்ணைக் காட்டி விலை பேசுகிறவரை நம்ப வேண்டாம்.

குட்டியில் பார்ப்பது அப்படியே நிற்காது. நெற்றிக் கீற்று முகம் வளர வளர ஒப்பீட்டில் குறுகும். மூக்கின் இளஞ்சிவப்புத் திட்டு பெரும்பாலும் சில மாதங்களில் கருத்துவிடும். தூய வெள்ளைக் காலில் வாரங்கள் போகப் போகப் புள்ளிகள் முளைக்கும், சிலருக்கு அது ஏமாற்றம், எனக்கு அதுதான் அழகு. சேபிள் குட்டி கரிய முகத்தோடு பிறந்து பொன்னிறமாகத் தெளியும்.

குணம் நிறத்தில் இல்லை

சாக்லேட் அமைதியானது, மெர்ல் துடுக்கானது, மூவண்ணம் புத்திசாலி என்று வளர்ப்பாளர்கள் அடித்துச் சொல்வதுண்டு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, ஆகவே அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் குணத்தை உரிமையாளர்களிடம் கேட்டறிந்து, அவற்றுள் ஒரு பகுதியின் மரபணுவோடு ஒப்பிட்டு 2022இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், தனி நாய்களுக்கிடையிலான குண வேறுபாட்டில் இனம் விளக்குவது ஏறக்குறைய 9 சதவீதம்தான் என்று தெரிந்தது. முழு இனமே அவ்வளவுதான் சொல்கிறது என்றால் அதற்குள் ரோமத்தின் நிறம் எவ்வளவு சொல்லிவிடப்போகிறது? ஒரு வழியில் அமைதியான சாக்லேட் நாய்கள் தொடர்ந்து பிறந்தால், அந்த வழியே அமைதியானது. அதில் பிறந்த கருப்பும் அமைதியாகத்தான் இருக்கும்.

நிறத்தோடு தொடர்பே இல்லாத சோதனைகளும் இருக்கின்றன, அவற்றுக்குத்தான் முதலிடம். கோலி இனங்களின் கண் கோளாறு, சில மருந்துகளை உடம்பு தாங்காமல் செய்யும் எம்.டி.ஆர்.1 மாற்றம், வெள்ளை அணுக்கள் எலும்பு மஜ்ஜையிலேயே சிக்கிக்கொள்ளும் ஒரு பரம்பரை நோய் ஆகிய மூன்றுக்கும் டி.என்.ஏ சோதனை உண்டு. இடுப்பு மூட்டுக்கு எக்ஸ்ரே. இந்தத் தாள்கள் சரியாக இருக்கும் கூடையில் எந்த நிறத்தை எடுத்தாலும் பாதிக் கவலை தீர்ந்தது.

இனி தேர்வு. ஆட்டு வேலைக்கு எடுக்கிறவர் நிறத்தை மறந்துவிட்டுத் தாய், தந்தை வேலை செய்வதைப் போய்ப் பார்க்கட்டும். இரண்டு குட்டிகள் சமமாகத் தோன்றினால் மட்டும் தலை கருத்ததை எடுக்கட்டும். கண்காட்சிக்குப் போகிறவர் வெள்ளை மேலோங்காத குட்டியைத் தேடுவார், அவருக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. குட்டி போட வைக்க எண்ணுகிறவருக்கு மெர்லும் கோல்டும் ஒரே வீட்டில் வேண்டாம் என்பது என் அறிவுரை. வேலி தாண்ட ஒரு நிமிடம் போதும். வீட்டுக்கும் விளையாட்டுக்கும் எடுக்கிறவர்தான் எல்லோரிலும் சுதந்திரமானவர். கருப்பு, மூவண்ணம், சாக்லேட், கோல்டு, ஒற்றை மெர்ல் எதுவானாலும் மனத்துக்குப் பிடித்ததை எடுக்கலாம். சீரான நீலத்துக்கும் லைலாக்குக்கும் வயதான உறவு நாயைப் பார்த்தபின் முடிவு செய்யலாம். இரட்டை மெர்லை விலை கொடுத்து வாங்க வேண்டாம். கைவிடப்பட்ட ஒன்றைத் தெரிந்தே எடுத்து வளர்ப்பது வேறு, அது பெரிய மனது.

அந்த ஏழு குட்டிகளில் நான் எதை எடுப்பேன் என்று கேட்டால், முதலில் கேட்கப்போவது நீலக் கண் மெர்லைப் பற்றி அல்ல. தலை வெளுத்த அந்தக் கருப்புக் குட்டியின் செவிச் சோதனைச் சீட்டைக் கேட்பேன். அதை வாங்கும் எண்ணம் எனக்கு இல்லாவிட்டாலும் கேட்பேன். சீட்டு உடனே கைக்கு வந்தால் மற்ற ஆறையும் நிதானமாக உட்கார்ந்து பார்ப்பேன். "கைதட்டினால் திரும்புகிறதே, போதாதா?" என்று பதில் வந்தால், மெர்ல் எவ்வளவு அழகாக இருந்தாலும் கூடையில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.